பெயர் தெரியாத அந்தக் கைக்கு



மூளையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஓர் ஈயிலிருந்து தொடங்குகிறேன்.

1960களின் தொடக்கம். இத்தாலி நாட்டில் பவியா நகரம். ஃபெருச்சோ ரித்தோசா என்ற இளைஞர் பழ ஈயின் புழுக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் ஆய்வகத்தில் யாரோ ஒருவர் அந்தப் புழுக்கள் இருந்த இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டிவிட்டார். மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தப் புழுக்களின் குரோமோசோம்களில் புதுப் புடைப்புகள்! சூடு பட்ட செல் எதையோ அவசரமாகத் தயாரிக்கிறது! எழுதி அனுப்பினார். உயிரியலுக்கு இதனால் பயனில்லை என்று ஒரு பெரிய இதழ் திருப்பி அனுப்பியது. 1962இல் வேறோர் இதழில் வந்தது. அந்த அவசரத் தயாரிப்பு புரதம்தான் என்று கண்டுபிடிக்க 1974 ஆயிற்று. அதற்கு வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்று பெயர்.

கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் எனக்காக வேண்டாம். சூட்டைக் கூட்டிய அந்தக் கைக்காகத் தட்டுங்கள்! அந்த மனிதரின் பெயரை எந்தப் பாடநூல் சொல்கிறது?

அந்தப் புரதம் என்ன செய்கிறது? சூடானாலும், பிராணவாயு குறைந்தாலும், நஞ்சு ஏறினாலும் செல்லுக்குள் இருக்கும் மற்றப் புரதங்கள் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இது ஓடிப்போய் அவற்றைப் பிடித்து, மறுபடி சரியாக மடித்து நிறுத்துகிறது. மடிக்கவே முடியாததை அழிவுக்கு அனுப்புகிறது.

இனிதான் மூளைக்கு வருகிறேன். நம் முதுகுத் தண்டிலிருந்து கால்விரல் வரை ஓடும் ஒரு நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். ஆபத்து விரலில் வந்தால், முதுகில் தயாராகும் புரதம் எப்போது போய்ச் சேரும்? அதிலும் சில நரம்பு செல்கள் இந்தப் புரதத்தைத் தாமாகத் தயாரிப்பதில் மிகவும் மந்தம். யார் காப்பாற்றுவது?

1986இல் மைக்கேல் டைட்டெல் என்பவரும் அவருடைய தோழர்களும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் விடை கண்டார்கள். இழையைச் சுற்றியிருக்கும் கிளியா செல்கள் இந்த வகைப் புரதத்தைத் தயாரித்து, வெளியே விட்டு, நரம்பிழைக்குள் சேர்த்துவிடுகின்றன! அடுப்பு எரியாத வீட்டுக்கு அண்டை வீட்டுக்காரி சோறு கொடுத்தனுப்புவது போல! அவளும் அதே வெயிலில்தான் நிற்கிறாள். அவளுக்கும் கஷ்டம்தான். கஷ்டத்திலும் கொடுக்கிறாள். உங்கள் மூளை பிழைக்க இந்தக் கொடையும் துணை நிற்கக்கூடும்!

இங்கே ஒரு செய்தி என் காதுக்கு வந்தது. சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. வேறொரு மேடையில் ஒருவர் முழங்கினாராம்: “ஈயையும் மீனையும் ஆராய்ந்து ஏழைக்கு என்ன கிடைத்தது?” ஐயா, இப்படிக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் புரதங்களைப் பெருக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஆராயப்பட்ட மருந்து அரிமோக்ளோமால். தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோயில் அது தோற்றது. தோற்றும் விடவில்லை! நீமன் பிக் சி என்று ஓர் அரிய நோய், குழந்தைகளின் மூளையைச் சிறுகச் சிறுகத் தின்கிறது. அந்த நோய்க்கு 2024இல் அமெரிக்காவில் இந்த மருந்தை அனுமதித்தார்கள். 1962 எங்கே, 2024 எங்கே? அறுபது ஆண்டுக்கு மேல் காத்திருந்த அறிவு அது! அன்றைக்கு அந்தப் பெரிய இதழ் கேட்டதையே இன்றைக்கு இவர்கள் கேட்கிறார்கள்!

தாய்மார்களே, ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பக்கவாதம் வந்தால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன. இந்தப் புரதங்கள் போராடும். ஆனால் அவை மட்டும் போதாது. வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108ஐ அழையுங்கள்! அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு!

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் போன ஒரு பள்ளியில் ஆய்வகத்துக்குப் பூட்டு. கேட்டால், “பிள்ளைகள் எதையாவது தொட்டுவிடுவார்கள்” என்றார்கள். தொடட்டுமே! பவியாவில் ஒருவர் தொட்டதால்தானே இத்தனையும் தெரிந்தது? பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: “ஆய்வகச் சாவி யாரிடம்?” பதில் வரும் வரை உட்காராதீர்கள்!