முதலில் கரை, கலுங்கு, மதகு, பிறகுதான் தூர்

(வானொலி பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



நம் தமிழ்நாட்டில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை முன்னோர்கள் மண்ணைக் கொட்டிக் கரை கட்டியவை. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரியைக் கவனிப்பதற்கென்றே 'ஏரி வாரியம்' இருந்ததைச் சொல்கிறது. மண் கரையை வருஷா வருஷம் பார்த்தால்தான் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏரி பழசாப் போச்சு, தூர் எடுத்தாச் சரியாயிடும்" என்று நீங்கள் சொல்வீர்கள். தூர் எடுப்பது நல்லதுதான். ஆனால் முதல் வேலை அதுவல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமே.

ஒரு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு மண் எடுத்தால் 43,560 கன அடி. டிராக்டர் டிப்பரில் ஒரு நடைக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி ஏற்றினால், 435 நடை. நூறு ஏக்கர் ஏரிக்கு 43,500 நடைக்கு மேல்! ஊர்ப் பணம் அத்தனையும் டீசலுக்கே போய்விடும். இன்னொன்றும் உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும், அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், மீன் வளரும், கிணறு ஊறும், ஆயக்கட்டுக்கு உதவாது.

அப்படியானால் முதலில் எதைப் பார்ப்பது?

முதலாவது கரை. வண்டியும் மாடும் ஏறி இறங்கிக் கரை தாழ்ந்துபோன இடம் எது என்று பாருங்கள். மற்ற இடமெல்லாம் எவ்வளவு உயரமாக இருந்தாலும், வெள்ளம் அந்த ஒரு பள்ளத்தில்தான் ஏறும். எலிவளை, நண்டுவளைகளைத் தோண்டி அடைக்க வேண்டும். வேலிக்காத்தானை வெட்டிவிட்டு வேரை விட்டுவைத்தால், வேர் மக்கிக் கரைக்குள்ளே குழாய் போல ஓட்டை விழும். ஏரி வற்றிய காலத்தில் வேரோடு எடுத்துக் குழியை மூடுங்கள். பழைய கரையின் மேல் புது மண்ணைச் சும்மா கொட்டினால் மழைக்குச் சரிந்துவிடும். பழைய சரிவைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு, மண்ணை அரையடிக்கு மேற்படாமல் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும்.

இரண்டாவது கலுங்கு. "கூட ஓரடி தண்ணி நிக்கட்டுமே" என்று கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்குகிற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. இது ஆபத்தய்யா! வெள்ளம் போகும் வாசலை அடைத்தால் அது கரைமேல் ஏறி வழியும். வழிந்தால் மண் கரை நிற்காது. போக்குக்காலில் புதர் மண்டியிருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது மதகு. கல் கட்டுமானமும் மண்ணும் சேருகிற இடம்தான் பலவீனமான இடம். ஏரி நிறைந்திருக்கும்போது கரையின் வெளிப்புறம் இறங்கிப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் அடையாளக் கல் நட்டுத் தினமும் கவனியுங்கள். கலங்கிய தண்ணீர் வந்தாலோ, உள்ளேயிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உடனே அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். கரையடியில் இருக்கும் வீட்டாரையும் எச்சரியுங்கள். ஊற்றுவாயைக் களிமண் வைத்து அடைக்காதீர்கள். அடைத்தால் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று பரப்பினால் தண்ணீர் வெளியேறும், மண் நின்றுவிடும்.

இவை மூன்றும் முடிந்த பிறகு தூருக்கு வருவோம். கரையை ஒட்டித் தோண்டாதீர்கள். அங்கே படிந்த வண்டல்தான் கசிவைத் தடுக்கும் போர்வை. வண்டலுக்குக் கீழே மணல் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். முன் அனுமதி பெற்று எடுத்த வண்டலை, மண் பரிசோதனையில் உப்பு இல்லையென்று கண்டபின் வயலில் போடுங்கள்; நல்ல எரு.

பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உங்கள் ஊரில் இருந்தால், அதன் கூட்டத்தில் குறையை எழுதிக் கொடுங்கள். 2017-இல் அரசு குடிமராமத்துத் திட்டத்தைத் தொடங்கியபோதும், ஆயக்கட்டுதாரர்களின் பங்கே அதற்கு அடிப்படையாக வைக்கப்பட்டது.

மேல்மடைக்காரர், "எனக்குத்தான் தண்ணி பாயுதே" என்று இருந்துவிடக் கூடாது. கரை உடைந்தால் முதலில் மணல் மேவுவது அவர் வயல்தான். கடைமடைக்காரருக்கோ அந்த வருஷம் விளைச்சலே இல்லை. இரண்டு பேருக்கும் கரை ஒன்றுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறைந்திருக்கும்போது நாலு பேராகக் கரைமேல் நடந்து குறைகளைக் குறித்து வையுங்கள். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றியதும் வேலையைத் தொடங்குங்கள். வெள்ளம் வந்தபின் மூட்டை தூக்குவதைவிட, வெயிலில் நாலு கூடை மண் சுமப்பது சுலபம்.