கிருமிக்குக் காத்திராமல் வெள்ளணுவை எண்ணுங்கள்

சிரோசிஸ் முற்றிக் கல்லீரல் தழும்பேறிப் போனவர்களில் பலருக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. குடலில் ஓட்டை எதுவும் விழாமலே அந்த நீரில் பாக்டீரியா புகுந்து உயிருக்கு உலை வைப்பதுண்டு. அமெரிக்க மருத்துவர் ஹெரால்டு கான் 1964-இல் விவரித்த நோய் இது. கிருமி கண்ணில் பட்ட பிறகுதான் மருந்தைத் தொடங்க வேண்டுமா? உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கியிருப்பதே போதும் என்பது என் வாதம்.

ஈ. கோலி, கிளெப்சியெல்லா போன்றவை நம் குடலில் எப்போதும் இருப்பவைதாம். கல்லீரல் நலமாக இருந்தால், குடலிலிருந்து ரத்தத்தோடு வரும் கிருமிகளை அங்குள்ள விழுங்கணுக்கள் தீர்த்துவிடும். சிரோசிஸில் ரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலைத் தொடாமலே சுற்றிப் போய்விடுகிறது. குடல்சுவரின் காவலும் தளர்கிறது. வயிற்று நீரிலோ, கிருமியின் மேல் படிந்து அதை விழுங்கத் தோதாக்கும் புரதங்கள் மிகக் குறைவு. நீரில் புரதம் டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ஆபத்து கூடுவது இதனால்தான். அங்கே இருக்கும் விழுங்கணுக்களால் சமாளிக்க முடியாதபோது, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. ஒரு கன மில்லிமீட்டரில் அவை 250 இருந்தாலே தொற்று என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி.

கிருமியைக் காணாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது அவசரம் இல்லையா என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். இந்தத் தொற்றில் ஒரு மில்லிலிட்டர் நீருக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பாக்டீரியாக்களே இருக்கும். அதே ஒரு மில்லிலிட்டரில் நியூட்ரோஃபில்களோ குறைந்தது இரண்டரை லட்சம்! இவ்வளவு அரிதான கிருமி கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளராமல் போவதில் வியப்பில்லை. நீரை எடுத்த இடத்திலேயே ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் ஊற்றினால் பிடிபடும் வாய்ப்பு கூடுகிறது. அப்போதும் சில தப்பிவிடுகின்றன. கல்ச்சரில் ஒன்றும் வளராத, ஆனால் வெள்ளணு மிகுந்த நோயாளிகளும் கிருமி வளர்ந்தவர்களைப் போலவே இறக்கிறார்கள் என்று 1980-களிலேயே தெரிந்துவிட்டது. காசநோய், புற்றுநோய், ஊசி குத்தும்போது கலக்கும் ரத்தம் இவையும் வெள்ளணுவைக் கூட்டலாம் என்பது உண்மை. ஆனால் காசநோயில் பெரும்பாலும் மிகுவது லிம்ஃபோசைட் என்னும் வேறு வகை வெள்ளணு. கலந்த ரத்தத்துக்கு 250 சிவப்பணுவுக்கு ஒரு நியூட்ரோஃபில் என்று கழித்துக்கொள்ளலாம். நேர்மாறாகவும் நடக்கிறது: கல்ச்சரில் கிருமி வளரும், வெள்ளணு ஏறியிருக்காது. காய்ச்சலோ வலியோ இல்லாத நோயாளி என்றால், பல நேரம் உடம்பே அதைத் தீர்த்துவிடுகிறது. மறுபடி நீர் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கிருமி இருப்பது வேறு, அது நோயாக மூண்டிருப்பது வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது வெள்ளணுதான்.

வெள்ளணுவை எண்ண நீரை ஊசியால்தான் எடுக்க வேண்டும். சிரோசிஸால் ரத்தம் எளிதில் உறையாதவருக்கு வயிற்றில் ஊசியா என்று குடும்பத்தார் அஞ்சுவது இயல்பே. ஆனால் இந்தச் சோதனையில் பெரிய ரத்தக்கசிவு மிக அரிது. தாமதம்தான் கொல்கிறது. இத்தொற்று இருந்தவர்களைப் பற்றி 2014-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், மருத்துவமனைக்கு வந்த 12 மணி நேரத்துக்குள் நீர் எடுக்கப்பட்டவர்களில் 13 சதவீதமும், அதற்குப் பின் எடுக்கப்பட்டவர்களில் 27 சதவீதமும் அங்கேயே இறந்தனர். நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. காய்ச்சலும் வலியும் இல்லாமலே இத்தொற்று வரக்கூடும் என்பதால், வயிற்றில் நீரோடு மருத்துவமனையில் சேரும் ஒவ்வொருவருக்கும் இச்சோதனை உடனே வேண்டும்.

அப்படியானால் கல்ச்சர் எதற்கு? மருந்தைத் தொடங்குவதற்கு அது வேண்டாம். சரியான மருந்தைத் தேர்வதற்கு வேண்டும். சிரோசிஸ் நோயாளிகளைத் தாக்கும் கிருமிகளில் பல மருந்துகளுக்கு அடங்காதவை ஆசியாவில், குறிப்பாக இந்தியாவில், அதிகம் என்று 2019-இல் வந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. அதனால் 48 மணி நேரம் கழித்து மீண்டும் நீர் எடுத்து எண்ண வேண்டும். நியூட்ரோஃபில் கால் பங்காவது குறைந்திருக்காவிட்டால் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். கல்ச்சரில் ஏதாவது வளர்ந்திருந்தால் அடுத்த மருந்து எது என்பதை அது சொல்லும்.