பதிவேடும் நம் உடல்நலமும்



கணக்கின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரட்டில் பெயர் விடுபட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். பாலின் எடையைக் குறைத்து எழுதினால் மாதக் கடைசியில் கைக்கு வரும் பணம் குறைந்துவிடும். அதனால்தான் பால் நிறுக்கும் இடத்தில் தராசையும் கிராணியின் பென்சிலையும் நம்மவர்கள் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஆனால், கிளினிக்கிலும் நம் பெயருக்கு நேரே ஒரு கணக்கு எழுதப்படுகிறது. அதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஒரு தாய் தன் குழந்தையை முத்தடுப்பு ஊசிக்குக் கொண்டு போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாதி ஊசியைப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுகிறார். கணக்குத் தாளில் ஒரு கோடு போடுகிறார். மாதம் முடிந்ததும் கோடுகளை எண்ணி அறிக்கை தயாரிக்கிறார்கள். அது மாவட்ட அலுவலகத்துக்கும், அங்கிருந்து தலைநகருக்கும் போகிறது. அடுத்து எத்தனை ஊசி மருந்து அனுப்புவது, எந்த ஊருக்குத் தாதி வேண்டும், எங்கே காய்ச்சல் பரவுகிறது என்பதையெல்லாம் அந்த எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அடியில் போட்ட கோடு தவறானால் உச்சியில் எடுக்கும் முடிவும் தவறாகிவிடும். காகிதம் போய்க் கணினி வந்தாலும் இதில் மாற்றம் இல்லை. பொய்யான எண்ணைக் கொடுத்தால் கணினி அதையும் அழகாக அச்சடித்துக் கொடுக்கும்!

கணக்கு எப்படிக் கெடுகிறது? முதலாவது, விடுபடுதல். அறிக்கையில் 'வயிற்றுப்போக்கு' என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அந்த மாதம் யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை என்று கொள்வதா? எழுத மறந்துவிட்டார்கள் என்று கொள்வதா? யாருக்கும் இல்லையென்றால் பூஜ்யம் போட வேண்டும். பூஜ்யம் ஒரு செய்தி. வெறும் கட்டமோ ஒரு சந்தேகம்.

இரண்டாவது, இரட்டிப்பு. முனியம்மா என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக எழுதினால் ஒருவரே புத்தகத்தில் இருவராகிவிடுவார். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது ஒரு பக்கத்திலும், இரத்த அழுத்தம் இருப்பது இன்னொரு பக்கத்திலும் கிடக்கும். ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் மருத்துவர் என்ன செய்வார்?

மூன்றாவது, உத்தேசம். வயது என்னவென்று கேட்டால், "ஒரு நாற்பது இருக்கும்" என்கிறோம். பல நாடுகளின் கணக்குகளில் 40, 45, 50 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடப்பதற்கு இதுவே காரணம். பெரியவர்களுக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். குழந்தைக்கு அப்படியல்ல. பத்து மாதக் குழந்தையை "ஒரு வயது" என்று சொன்னால், வயதுக்கேற்ற எடையுள்ள பிள்ளையும் மெலிந்த பிள்ளையாகத் தெரியும். வயதைக் குறைத்துச் சொன்னாலோ, மெலிந்த பிள்ளை நல்ல பிள்ளையாகத் தெரியும். சத்துணவு தேவைப்படும் குழந்தை கவனிப்பாரின்றிப் போய்விடும்.

நான்காவது, தாமதம். காய்ச்சல் பரவியபோது எழுதிய அறிக்கை, அது ஓய்ந்த பிறகு போய்ச் சேர்ந்தால் யாருக்கு என்ன பயன்?

இந்தக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. வயலில் நிறுத்த பாலும் ஆலையில் நிறுத்த பாலும் ஒத்துப்போகாவிட்டால் 'ஏன்?' என்று கேட்கிறோம் அல்லவா? அதே கேள்விதான் இங்கும். முத்தடுப்பு ஊசியை மூன்று தடவை போட வேண்டும். ஓர் ஊரில் பிறந்த குழந்தைகளில் முதல் ஊசி போட்டவர்கள் 50 பேர், மூன்றாம் ஊசி போட்டவர்கள் 60 பேர் என்று எழுதியிருந்தால் நம்ப முடியுமா? ஊரில் குழந்தைகள் 200 என்று சொல்லிவிட்டு, 230 பேருக்கு ஊசி போட்டோம் என்றால் அது நூற்றுக்கு 115 ஆகிறது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியிருக்கலாம். அல்லது, 200 என்பதே பழைய மக்கள் கணக்கை வைத்துப் போட்ட மதிப்பாக இருக்கலாம். நூறைத் தாண்டியதற்காக மகிழ்ந்துவிடக் கூடாது. ஊசி போடாத பிள்ளைகள் அந்தப் பெரிய எண்ணுக்குப் பின்னால் மறைந்திருப்பார்கள்.

வளரும் நாடுகள் பலவற்றுக்கும் உள்ள கஷ்டம் இது. அதை ஒரு தீவுக்கூட்டம் எப்படிச் சமாளித்தது என்று பார்ப்போம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் இருக்கிறது. கிராம்புத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். அங்கே ஒவ்வொரு நோய்த் திட்டமும் தனக்கென்று தனிப் படிவம் வைத்திருந்தது. தாதிமார் எழுதி எழுதி அலுத்துப் போனார்கள். 2005ஆம் ஆண்டு முதல் அந்த முறையைச் சீர்திருத்தத் தொடங்கினார்கள். தென்னாப்பிரிக்காவில் 1994ஆம் ஆண்டு இனவொதுக்கல் ஆட்சி முடிந்த பிறகு, மாவட்டச் சுகாதாரக் கணக்குக்கென்று ஒரு கணினி முறை உருவாக்கப்பட்டது. அதையே சான்சிபாரும் எடுத்துக்கொண்டது. அந்த முறையின் வாரிசு இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்படுகிறது.

ஆனால், கணினி மட்டும் கணக்கைத் திருத்திவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாவட்ட ஊழியர்கள் ஒன்றுகூடினார்கள். ஒவ்வொரு மாவட்டமும் தன் எண்களை மற்றவர்கள் முன் வைத்தது. "இது எப்படி வந்தது? போன தடவை இப்படி இல்லையே?" என்று சக ஊழியர்களே கேட்டார்கள். பதில் சொல்வதற்காக ஊழியர்கள் தங்கள் எண்களைத் தாங்களே ஆராய ஆரம்பித்தார்கள். கணக்கும் நாளடைவில் சீரடைந்தது. பயன்படுத்தாத கத்தி துருப்பிடிக்கும். கணக்கும் அப்படித்தான்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. குறைந்த எண்ணை எழுதினால் வசவு விழும் என்று அஞ்சும் ஊழியர் கூட்டித்தான் எழுதுவார். அப்போது, உண்மையில் குறை உள்ள இடத்துக்கு உதவி போகாது. ஆகவே, குறையைச் சொன்னவரைத் திட்டாமல், குறையைத் தீர்க்க உதவும் மேலதிகாரியே நல்ல கணக்கைப் பெறுவார்.

சரி, நேயர்களே, நாம் என்ன செய்யலாம்? பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் கையோடு கொண்டு போங்கள். பெயரைப் பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் உள்ளபடியே சொல்லுங்கள். வயதை உத்தேசமாகச் சொல்லாமல் பிறந்த தேதியைச் சொல்லுங்கள். வீடு மாறினால் புது விலாசத்தைத் தெரிவியுங்கள். ஊசி போட்டதும், தேதி எழுதியாகிவிட்டதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால், "மிஸ்ஸி, இதைக் கொஞ்சம் எழுதிவிடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. படிக்கத் தெரியாத பெற்றோர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு படித்துப் பார்க்கலாம்.

பால் கணக்கில் ஒரு ராத்தல் குறைந்தாலும் விடாமல் கேட்பவர்கள் நாம். பிள்ளையின் ஊசிக் கணக்கிலும் அதே கண்ணும் அதே கண்டிப்பும் இருக்கட்டும்.