குண்டுக்குப் பதவி தெரியுமா?

நடுவர் அவர்களே! மதிப்பு வருவது பதவியாலேதான், பணியாலே இல்லைன்னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். அமெரிக்க ராணுவத்துல ஒரு பேட்ஜ் இருக்குங்க. நீலப் பட்டையிலே வெள்ளித் துப்பாக்கி. 1943இல் காலாட்படைக்காக ஏற்படுத்தினாங்க. சேற்றிலே நடந்து போய்ச் சண்டை போடுகிறவன்; கொடுக்கட்டும், நியாயம்தான். ஆனா, சண்டையிலே இருந்தா மட்டும் போதாது, காலாட்படைக்காரன்னு பதிவும் இருக்கணும். பக்கத்திலேயே தவழ்ந்து போய்க் காயத்துக்குக் கட்டுப் போட்ட மருத்துவச் சிப்பாய்க்குக் கிடையாது! அவனுக்குத் தனிப் பேட்ஜ் வர 1945 ஆச்சு.

லாரி ஓட்டினவன் கதி? 2003க்குப் பிறகு ஈராக்கிலே சரக்கு லாரிகள் மேலேயே தாக்குதல். ஓட்டினவர்களில் பெண்களும் உண்டு. அப்போ காலாட்படையிலே பெண்களைச் சேர்ப்பதே இல்லை. குண்டு என்ன, "அம்மா, நீங்க எந்தப் பிரிவு?"ன்னு விசாரிச்சுட்டா வெடிக்கும்? (சிரிப்பு)

2005இல்தான் மற்றப் பிரிவினருக்கும் ஒரு பேட்ஜ் வந்தது. எதிரியோடு நேருக்கு நேர் மோதியிருக்கணும், அவ்வளவுதான். அதிலேயும் ஒரு கொக்கி! 2001 செப்டம்பர் 18 முதல் நடந்த சண்டைக்கு மட்டும்தானாம். வியட்நாமிலே குண்டடிக்கு நடுவே லாரி ஓட்டினவருக்குத் தேதி பொருந்தலையாம். பொருத்தம் பார்க்க இது என்ன ஜாதகமா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)