கட்டாயத் தாலியும் கண்டிச் சட்டமும்

தொலைக்காட்சி நாடகத்துக்கு ஓர் ஆய்வரங்கா, அதுவும் பேராதனைப் பல்கலைக்கழகத்தை விட்டு வத்தேகமவிலா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு நான் பார்த்த ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

போன மாதம் மடுல்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். திரையில், மயங்கிக் கிடந்த நாயகியின் கழுத்தில் வில்லன் தாலி கட்டினான். "கட்டுனது கட்டுனதுதான்" என்றார் அப்பாயி, கொழுந்துக் கறை ஏறிய விரலால் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு. உயர்தரம் படிக்கும் பேத்தி விடவில்லை: "அவ சம்மதிக்கவே இல்லையே அப்பாயி, அது எப்படிக் கல்யாணமாகும்?" அடுத்த நாடகம் முடிந்த பிறகும் அந்த வழக்கு முடியவில்லை. சம்மதமின்றித் திருமணமில்லை என்பதே நம் இலங்கையின் பொதுத் திருமணச் சட்டம். பேத்தி பக்கம்தான் நியாயம். ஆனால் நாளைக்கு அந்தப் பெண்ணை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கும் என்பது அப்பாயிக்குத் தெரியும். சட்டத்துக்கும் ஊர் வாய்க்கும் நடுவே ஒரு பெண் எங்கே நிற்பாள்? நாம் இன்று பேச வேண்டியது இதைத்தான்.

இறந்த கணவன் திரும்பி வருவது போன்ற நாடகத் திருப்பங்கள் நிஜத்தில் நடக்குமா என்று கேட்பவர்களுக்குப் பாவல் சந்நியாசி வழக்கை நினைவூட்டுகிறேன். டாக்காவுக்கு அருகே பாவல் ஜமீனின் இரண்டாம் குமாரர் ராமேந்திர நாராயண் ராய் 1909இல் டார்ஜிலிங்கில் இறந்து எரியூட்டப்பட்டதாக நம்பப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின், உடம்பெல்லாம் திருநீறு பூசிய ஒரு சந்நியாசி, நானே அவர் என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாட்சி சொன்னார்கள். 1936இல் டாக்கா நீதிமன்றம் அவர் சொல்வது உண்மை என்றது. 1946இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. நம் நாட்டு வழக்குகளுக்கும் 1971 வரை அதுதான் இறுதி மன்றம். தீர்ப்பு வந்த சில நாட்களில் அந்தச் சந்நியாசி இறந்துபோனார். மனைவி பிபாவதி கடைசிவரை அவரைக் கணவராக ஏற்கவில்லை. ஓர் ஆள் யார் என்று நீதிமன்றம் சொல்லிவிடலாம். ஒருத்தியின் மனம் யாரை ஏற்க வேண்டும் என்று எந்த மன்றம் சொல்லும்?

ஒரு பெண்ணுக்கு இரண்டு கணவர் என்று நாடகத்தில் வந்தால் முகம் சுளிக்கிறோம். இதே கண்டி மண்ணில் சகோதரர்கள் ஒரே மனைவியோடு வாழ்ந்த 'எக கே கேம' வழக்கம் ஒருகாலத்தில் முறையான குடும்பமாக இருந்தது. 1859ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான் அதைக் குற்றமாக்கியது. அதனால் விசித்திரக் கதையை நான் குறை சொல்லமாட்டேன். கேள்வியை எழுப்பிவிட்டு, பதில் சொல்லாமல் கண்ணீரிலும் பின்னணி இசையிலும் அதைக் கரைத்துவிடுவதுதான் என் மனக்குறை. 'விடாது கருப்பு' அப்படிச் செய்யவில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த தொடர் அது. சட்டம் எட்டாத கிராமத்தில் தப்புச் செய்தவனைக் கறுப்பசாமி தண்டித்தால் அது நீதியா, கொலையா என்ற கேள்வியை வாரக்கணக்கில் பார்ப்பவர் நெஞ்சிலேயே வைத்திருந்தது.

எனக்குத் தெரிந்து எந்தத் தொடரும் தொடாத ஒரு கதை நம் கையிலேயே இருக்கிறது. இந்த மலைகளில் பிறந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் பெரும்பாலோர் 1948இல் ஒரு சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இந்திய, இலங்கைத் தலைவர்கள் 5,25,000 பேரை அந்தக் கரைக்கும் 3,00,000 பேரை இந்தக் கரைக்கும் என்று பிரித்தார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்காரர், தம்பி இன்னொரு நாட்டுக்காரர்! எந்த வசனகர்த்தா இதைக் கற்பனை செய்திருப்பார்?

இங்கே வந்திருக்கும் இளம் ஆய்வாளர்களே, கட்டுரைகளை வாசித்துவிட்டு அப்படியே வீடு திரும்பிவிடாதீர்கள். அந்தப் பிரிவைக் கண்ணால் கண்ட அப்பாயிகள் இன்னும் சில லயங்களில் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.