வாசலில் நிற்பவரும் பங்கு மக்களும்



ஊர் ஊராக நடந்து மறைக்கல்வி கற்பித்த ஓர் உபதேசியாரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலையையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன். வளர்ந்து ஆளான ஒருவர் தானாக வந்து, "நானும் சேரலாமா?" என்று கேட்டால் பங்கு என்ன செய்ய வேண்டும்? என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் காலம் கொடுக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் பங்கு மக்கள் அவரோடு நடக்க வேண்டும்.

நம் மண்ணில் இதற்கு மிகச் சிறந்த சான்று புனித தேவசகாயம். 1712இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்து, மார்த்தாண்ட வர்மாவின் அரசுப் பணியில் இருந்தவர். அவருக்கு முதன்முதலில் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் குருவானவர் அல்லர். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்த டி லனாய் என்ற பொதுநிலையினர். குடும்பத்தில் அடுத்தடுத்து வந்த இழப்புகளால் நொந்திருந்த நண்பருக்கு அவர் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழிச் செய்தி. ஒரு துயரம், அதைக் கேட்க ஒரு நண்பர், பதிலாக ஒரு கதை. பெரும்பாலோர் இன்றும் அப்படித்தான் வருகிறார்கள். மேடைப் பிரசங்கம் கேட்டு வருகிறவர்கள் குறைவு.

டி லனாய் அவரை வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த இயேசு சபைக் குரு புத்தாரி, வந்தவர் அரசு அதிகாரி என்பதற்காக உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை. போதித்தார், சோதித்தார், காத்திருக்கச் சொன்னார். 1745 மே 14ஆம் நாள்தான் திருமுழுக்கு நடந்தது. அப்போது அவருக்கு வயது 33. நான்கு ஆண்டுகளில் கைது, மூன்றாண்டுச் சித்திரவதை, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் உயிர்த்தியாகம். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவ்வளவு துன்பத்திலும் அவர் பின்வாங்காததற்கு, வடக்கன்குளத்தில் காத்திருந்த அந்த நாள்களும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாக் காலத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. முத்துக்குளித்துறையில் 1530களில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்ற பரதவ மக்களுக்குப் போதனை பிறகுதான் வந்தது. 1542இல் வந்த புனித சவேரியார் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார். தொடர்ந்து கற்பிக்க ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்தத் தேவையால் பிறந்தது. வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். தமிழ் அச்சும் தமிழ் உரைநடையும் இந்தப் பணிக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

தொடக்கத் திருச்சபையில் மூன்றாண்டு ஆயத்தம் வழக்கில் இருந்தது. அந்தப் படிநிலைகளை மீட்டெடுக்க 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. 1972இல் வயதுவந்தோருக்கான புகுமுகச் சடங்குநூல் வெளிவந்தது. அதன்படி எல்லாம் கோயில் வாசலில் தொடங்குகிறது. குரு, சேர வந்தவரின் பெயரைக் கேட்கிறார். திருச்சபையிடம் என்ன வேண்டும் என்று கேட்கிறார். நெற்றியில் சிலுவை அடையாளம் வரைகிறார். பிறகு காது, கண், வாய், நெஞ்சு, தோள் என்று ஒவ்வொன்றிலும் வரையப்படுகிறது. ஞானப்பெற்றோரின் விரலோ உபதேசியாரின் விரலோ ஒரு மனிதரின் கண்ணிமை அருகே சிலுவை வரையும் அந்தக் கணத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பிறகுதான் அவர் உள்ளே வந்து இறைவார்த்தை கேட்கிறார்.

தவக்கால முதல் ஞாயிறையொட்டி அவர் பெயர் பதிவாகிறது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் சமாரியப் பெண், பிறவிக் குருடர், இலாசர் பற்றிய நற்செய்திகள் வாசிக்கப்பட்டு, முழுப் பங்கும் அவருக்காக மன்றாடுகிறது. தேவசகாயத்தின் திருமுழுக்குப் பெயர் இலாசர் என்பது உங்களுக்குத் தெரியும். பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே வழிபாட்டில் தரப்படுகின்றன.

இவ்வளவு அழகான வழி இருந்தும், திருமணத் தேதி குறித்த பிறகு அவசரமாக ஒரு திருமுழுக்கு நடத்துகிறோம். இது வேண்டாம். கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவரை மணக்க, ஆயரின் விதிவிலக்குப் பெற்றால் போதும். மணமகனோ மணமகளோ மதம் மாறியே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. எவரையும் அவர் மனச்சான்றுக்கு எதிராக வற்புறுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. மாமியார் முகத்துக்காகப் பெறும் திருமுழுக்கு பெறுபவருக்கும் நல்லதல்ல, கொடுப்பவருக்கும் நல்லதல்ல. தமிழ்ப் பெயரைக் களைந்தே தீர வேண்டும் என்பதும் சட்டமல்ல. சி.எஸ்.ஐ. சபையிலிருந்து வருபவருக்கு மறுபடி திருமுழுக்குக் கிடையாது; ஏற்கெனவே பெற்றதே செல்லும்.

இனி நம்மைப் பற்றிப் பேச வேண்டும். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்கு வரும், திருமுழுக்குப் பெறாத ஒரு பெண்ணை நினைத்துப்பாருங்கள். கடைசி வரிசையில் உட்காருகிறார். எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று முன்னால் இருப்பவரைப் பார்த்தே செய்கிறார். நற்கருணை நேரத்தில் எல்லாரும் எழ, அவரும் எழுகிறார். யாரோ ஒருவர், "நீங்க வாங்கக் கூடாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறார். சொன்னது சரிதான், சொன்ன விதம் அவரை வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் இருங்கம்மா, அப்புறம் விளக்கமாச் சொல்றேன்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் அவருடைய ஆயத்தம் அங்கேயே தொடங்கிவிடும்.

சாதியைப் பேசாமல் இந்த உரையை முடிக்க முடியாது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிவாரியாக உட்கார இரு பிரிவாகக் கோயில் கட்டினார்கள். நடுவிலிருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. புதிதாக வருபவர் முதலில் பார்ப்பது நம் கல்லறைத் தோட்டத்தையும் தேர் செல்லும் தெருவையும்தான். அங்கே பிரிவினை இருந்தால் எந்த மறைக்கல்வியும் எடுபடாது. மேலும், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் தலித் ஒருவர் பட்டியல் சாதி உரிமைகளை இழக்கிறார். இந்த அநீதியை எதிர்த்து நாம் போராட வேண்டும். அதே சமயம், வருகிறவரிடம் இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விலை தெரிந்து எடுக்கும் முடிவே சுதந்திரமான முடிவு.

ஆயத்தத்தில் இருப்பவர் திருமுழுக்குக்கு முன்பே இறந்துவிட்டால், அடக்கச் சடங்கில் அவரை விசுவாசிகளில் ஒருவராகவே கருத வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. காத்திருக்கும்போதே அவர் நம்மவர். பிறகு ஏன் அவரை உபதேசியார் ஒருவரிடம் மட்டும் விட்டுவிடுகிறோம்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞானத்தந்தையாகவோ ஞானத்தாயாகவோ இருக்கப் பொதுவாகப் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும். உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று, நம்பிக்கைக்கு ஏற்ப வாழ்பவராக இருக்க வேண்டும். இறையியல் பட்டம் தேவையில்லை. ஒவ்வோர் அன்பியக் குழுவிலிருந்தும் இருவராவது இந்த வாரமே பங்குத்தந்தையிடம் பெயர் கொடுங்கள்.