இலையின் நிறமும் பவளத்தின் நிறமும்



தஞ்சாவூர்க் கூட்டத்தில் பவளப்பாறை பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். அதனால் வயலிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்க அப்பா கண்ணால் பார்த்தே யூரியா போடுவார். ஒரு சம்பாவில் பயிர் வெளுத்த மாதிரி இருக்கேன்னு கூடுதலாகப் போட்டார். பயிர் கரும்பச்சையாக வளர்ந்து, அறுப்புக்கு முன்பே சாய்ந்துவிட்டது. மறு வருஷம் இலை வண்ண அட்டை வாங்கினோம். பத்துக் குத்துகளில் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு இலைகளாவது குறித்த எண்ணுக்குக் கீழே இருந்தால்தான் உரம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. முதலில் சிரித்த அப்பா, பிறகு சொன்னார்: "தினம் பாக்குற கண்ணு பழகிப் போயிடும்டா, அட்டை பழகாது."

பவளத்துக்கும் இப்படி ஓர் அட்டை உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய 'கோரல் வாட்ச்' திட்டம் தந்தது. பவளம் ஓர் உயிரினம். அதன் நிறமும், உணவில் பெரும்பகுதியும், அதற்குள் வாழும் நுண்பாசி தருவதுதான். கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். அட்டையில் 6 என்றால் கருத்த நிறம். 1 என்றால் வெளுப்பு. பவளத்தைத் தொடாமல், அதன் மிக வெளிறிய இடத்தையும் மிகக் கருத்த இடத்தையும் ஒப்பிட்டு எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குறித்தால்தான் மாற்றம் புரியும்.

நம் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினத்துக் கடல்தான் தெற்கே பாம்பன் வரை போகிறது. அதற்கு அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. 1986-இல் தேசியப் பூங்காவான அதன் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளம் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெருமளவு வெளுத்தது. வெளுத்தவுடனே பவளம் செத்துவிடுவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். அந்தச் சில வாரங்களில் நங்கூரமும் வலையும் படாமல் காக்கலாம். ஆனால் யார் முதலில் பார்ப்பது? ஆராய்ச்சியாளர்கள் தினமும் இறங்க முடியாது. சங்கு குளிப்பவர்களும் கடற்பாசி எடுக்கும் பெண்களும் அந்தத் தண்ணீரிலேயே பிழைப்பவர்கள்.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். வனத்துறை அனுமதியோடு மண்டபம் பக்கம் ஒரு கிராமத்துக்கு இந்த அட்டைகளையும், தமிழில் எளிய விளக்கத்தையும் கொடுப்போம். அட்டையை ஜெராக்ஸ் எடுத்தால் நிறம் மாறிவிடும், அசலே வேண்டும். வரும் எண்களைத் தொகுக்கும் வேலையை நான் ஏற்கிறேன்.